இடக்கைப் பந்துக்கு மட்டும்

ஒரு மனிதர் மட்டையைக் கையில் பிடித்தபடி என் கண் முன்னால் நிற்கும்போது, அவரால் அடிக்க முடியுமா முடியாதா என்று தெரிந்துகொள்ளக் கைபேசியைத் திறந்து பார்த்தவன் நான். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தவர்கள் ஆக்லாந்தில் இருக்கக்கூடும். ஆனால் செய்துவிட்டு, அதைத் தன் வாழ்நாளின் தலைசிறந்த தந்திரம் என்று கண்டவரிடமெல்லாம் விளக்கிக்கொண்டு திரிந்தவர் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க வாய்ப்பில்லை.

விளையாட்டுக்கும் எனக்கும் எப்போதுமே ஒருதலைக் காதல்தான். பந்து ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். ஆக்லாந்துக்கு வேலைக்கு வந்த புதிதில் இங்கே ஒரு தமிழர் கிரிக்கெட் அணியில் சேரப் போனேன். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அணித்தலைவர் என் தோளில் கை போட்டு, "நீங்க ஸ்கோர் எழுதுங்களேன், அது ரொம்ப முக்கியமான வேலை" என்றார். எழுதினேன். எதிரணியின் பவுண்டரியை நம் அணிக்கு எழுதி, நம் அணியின் பவுண்டரியை யாருக்குமே எழுதாமல் விட்டதில் அந்த முக்கியமான வேலையும் போயிற்று.

அந்தக் குளிர்காலத்தில்தான் கணினியில் பேஸ்பால் விளையாட்டு ஒன்று கிடைத்தது. விளையாட்டு என்றால் பொம்மைகள் ஓடுவது, பந்து பறப்பது எதுவும் கிடையாது. வெறும் எண்கள். ஒவ்வொரு வீரருக்கும் வேகம் இவ்வளவு, கண் இவ்வளவு, கை வலது, இடது என்று குறிப்பு. யாரை எந்த வரிசையில் இறக்குவது என்று நாம் தீர்மானித்து ஒரு பொத்தானை அழுத்தினால், ஆட்டம் வரி வரியாக எழுத்தில் கொட்டும். வியர்வை இல்லை, வெயில் இல்லை. எனக்காகவே செய்த மாதிரி இருந்தது.

"கிரிக்கெட்டே வராத ஆளுக்கு பேஸ்பால் எதுக்கு?" என்று என் மனைவி கேட்டாள்.

"இதுல நான் விளையாட வேண்டாம்மா. முடிவெடுத்தா போதும்."

"அப்ப வீட்லயும் ஒரு முடிவு எடுங்க. வீட்டைச் சூடாக்கற இந்த ஹீட் பம்ப் ரிப்பேராகி எத்தனை நாளாச்சு, குளிர்காத்தாவே வருது."

மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்தப் பழைய மரவீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, அமெரிக்க அணிகளை ஒவ்வொன்றாக ஜெயிக்க வைத்தேன். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் பிளாட்டூன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பந்து வீசுபவர் வலது கையால் வீசினால், வலக்கை ஆட்டக்காரருக்கு அது முதுகுப் பக்கத்திலிருந்து வந்து விலகிப் போவது போல இருக்கும். இடக்கை ஆட்டக்காரருக்கு அதே பந்து நன்றாகத் தெரியும். இடது கையால் வீசினால் கதை அப்படியே தலைகீழ். ஆகவே ஒரே இடத்துக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு, வீசுபவரின் கையைப் பார்த்து ஒருவரை இறக்குவார்கள், மற்றவரை உட்கார வைப்பார்கள். ஒரு நல்ல வேட்டியை இரண்டு அண்ணன் தம்பிகள் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி. இதில் ஒரு சங்கடம் உண்டு. உலகத்தில் பந்து வீசுபவர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். அதனால் ஜோடியில் வலக்கை ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் வேட்டி கிடைக்காது. கணினிக்குள் இருக்கிற ஆளுக்கு அதனால் மனவருத்தம் ஒன்றும் வராது. அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

பிறகு ஒரு கோடையில் நிஜமான அணியே என் கைக்கு வந்தது. ஆக்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு பேஸ்பால் லீக் ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கிரிக்கெட் அணிகளிலிருந்து கழித்துவிடப்பட்ட தமிழர்களையெல்லாம் திரட்டினேன். முழங்கால் போனவர்கள், தொப்பை வந்தவர்கள், தலைவரோடு சண்டை போட்டவர்கள். விதிகள் முழுவதும் தெரிந்த ஒரே ஆள் என்பதால் நானே மேலாளர். அந்தப் பதவியில் இருப்பவர் மட்டையைத் தொட வேண்டியதில்லை என்பதை முதல் கூட்டத்திலேயே விளக்கிவிட்டேன்.

அடுத்து செய்ததுதான் விஷயம். எங்கள் ஆட்கள் எல்லோரையும் அந்தக் கணினி விளையாட்டில் வீரர்களாக உருவாக்கினேன். வேகம் இருபதுக்கு இத்தனை, வீச்சு இருபதுக்கு இத்தனை என்று ஒவ்வொருவருக்கும் நானே மதிப்பெண் போட்டு, அந்தப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரைமணி நேரம் சிரிப்புப் படங்களாக வந்து விழுந்தன. ஒரு ஆளுக்கு வேகம் இரண்டு கொடுத்திருந்தேன். "ரெண்டு எதுக்கு?" என்று இன்னொருவர் கேட்டார். "ஒண்ணு நடக்கிறதுக்கு, ஒண்ணு திரும்பி வர்றதுக்கு" என்று எழுதினேன். என் நகைச்சுவையை நானே ரசித்துச் சிரித்ததில் மனைவி அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

யாருக்கு எந்தக் கை என்ற இடத்தை நிரப்ப நான் கையாண்ட முறையையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் ஒரு பிறந்தநாள் விருந்து இருந்தது. எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் வலது கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு இளைஞன் மட்டும் கரண்டியை இடது கையில் பிடித்திருந்தான். அவனுக்கு இடது என்று போட்டேன். மற்ற எல்லோருக்கும் வலது. தமிழன் ஒருவன் எந்தக் கைக்காரன் என்பதை அவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் பக்கத்துப் பெஞ்சில் இடது கையால் எழுதியதற்காக விரல் கணுவில் அடி வாங்கிய பையனோடுதான் நான் படித்தேன். இருந்தும் தோன்றவில்லை.

அந்த இளைஞனுக்கு ஜோடியாக, வலக்கை ஆட்டக்காரர் என்று நான் இணைத்து வைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். லின்ஃபீல்டில் குடியிருந்தார், பேருந்து ஓட்டினார். அணியில் நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவரவர் ஊர்த் தமிழைப் பேசுகிற எங்கள் கூட்டத்தில் அந்த ஒரு சொல் மட்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பயிற்சிக்கு முதலில் வருவார், கடைசியில் போவார். அவருக்கு நான் வேகம் மூன்று கொடுத்திருந்தேன்.

"அண்ணை, நீங்க ஸ்பெஷலிஸ்ட்" என்று சொன்னேன். "இடக்கைப் பந்துக்கு மட்டும்தான் உங்களை இறக்குவேன்."

"அப்ப வலக்கைப் பந்துக்கு?"

"கோவைத் தம்பி இறங்குவான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இந்த லீக்கில இடக்கையால எறியிற ஆக்கள் எத்தினை பேர், தம்பி?"

"இனிமேதான் பார்க்கணும்."

"ஓம், பாப்பம்" என்றார்.

பார்த்தோம். ஒருவரும் இல்லை. ஞாயிறு ஞாயிறாக அண்ணை சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி, மரத்துக்குப் பின்னால் போன பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். எதிரணி வலக்கைக்காரன் பந்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அணியில் யாராவது, "அண்ணை, இண்டைக்கும் லீவு" என்று அவர் பேச்சிலேயே கத்துவார்கள். நான் சும்மா இருப்பேனா? "ஆஸ்பத்திரியில சொல்லி வச்சிருக்கேன் அண்ணை. இடக்கைக் குழந்தை பிறந்தா உடனே போன் பண்ணுவாங்க" என்பேன். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். அவரும் சிரித்ததால் அது நல்ல நகைச்சுவை என்றே நினைத்தேன்.

டிசம்பரில் ஒரு மாலை, அணியின் கையுறைப் பையை எடுத்துவர அவர் வீட்டுக்குப் போனேன். காரேஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கூரைக் கட்டையிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் பழைய காலுறை, காலுறைக்குள் பந்து. கிரிக்கெட் பழகிய எல்லோரும் ஒரு காலத்தில் கட்டித் தொங்கவிட்டதுதான். அண்ணை அதை அடித்துக்கொண்டிருந்தார். பந்து போய்த் திரும்பி வரும், திரும்ப அடிப்பார். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் தெரிந்தது, அவர் இடது பக்கம் நின்று அடிக்கிறார். சத்தம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, சுத்தமாக வந்தது.

"என்ன அண்ணை, கண்ணாடியில பார்க்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"சின்னனில எனக்கு இந்தக் கைதான் தம்பி" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "சோறு தின்னேக்க அம்மா தட்டுவா, எழுதேக்க வாத்தியார் தட்டுவார். ரெண்டு பேருமா அடிச்சு அடிச்சு மற்றக் கைக்கு மாத்திப்போட்டினம். இப்ப பாத்தா, கை மறக்கேல்லை. எழுத வருதில்லை, அடிக்க வருது. ரெண்டு பக்கமும் நிண்டு அடிப்பன். உங்கட கம்ப்யூட்டரில அப்பிடி ஒரு ஆள் இருக்கோ?"

இருக்கிறது. இரு கையாலும் ஆடுபவர் என்று தனியாகவே ஒரு குறி இருக்கிறது. பேஸ்பாலில் அப்படி ஒருவர் கிடைத்தால் அவரை உட்கார வைக்கவே தேவையில்லை. பிளாட்டூன் தந்திரத்துக்கே அவர்தான் மருந்து. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அணி முழுவதையும் வைத்துப் பாதி சீசனைக் கணினியில் ஓட்டி முடித்திருந்தேன். ஒரு ஆளின் கையை நடுவில் மாற்றினால் என் கணக்கெல்லாம் கெட்டுப்போகும்.

"சீசன் முடியட்டும் அண்ணை, மாத்திடலாம்" என்றேன்.

"சரி. ஆனா ஒண்டு கேக்கோணும்." மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "லீவுக்கு சிட்னியில இருந்து எங்கட சகலன் குடும்பமா வாறார். மனுசியின்ர அக்கான்ர புருசன். நாங்கள் கலியாணம் கட்டின நாளில இருந்து அந்தாளுக்கு நான் சிரிக்கிறதுக்கு ஒரு பகிடி. போன கிழமை போனில கதைக்கேக்க, நான் இஞ்ச பேஸ்பால் விளையாடுறன், முதலில இறங்குறது நான்தான் எண்டு மனுசி வாய் விட்டிட்டா. அவளில பிழை இல்லை. நான்தான் அவளுக்கு அப்பிடிச் சொன்னனான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு மேட்ச். முழுக்க வேண்டாம். ஒரு தரம் அவர் பாக்க மட்டையோட நிண்டாக் காணும். அவுட் ஆனாலும் பரவாயில்லை."

எனக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்து நாங்கள் ஆட இருந்தது கிளென்ஃபீல்ட் அணியோடு. அவர்களிடம் இடது கையால் வீசும் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான், எங்களுக்கு எதிராக அவன்தான் வீசப்போகிறான் என்று அவர்களே லீக்கின் பொதுக் குழுவில் போட்டிருந்தார்கள். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை நீங்க ஆடறீங்க. அஞ்சாவது இடம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கையாலும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சகலன் குடும்பம் மடக்கு நாற்காலிகளோடும், ஐஸ் பெட்டியோடும், ஒரு பெரிய டப்பா நிறைய மட்டன் ரோல்ஸோடும் வந்து கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்தது. சகலன் நல்ல உயரம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காலுக்கு மேல் கால். அண்ணையின் மனைவி அவருக்கு ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். "ஆட்டம் முடிஞ்ச பிறகு எல்லாருக்கும் ரோல்ஸ் இருக்கு தம்பி" என்று என்னிடமும் சொன்னார். அண்ணை சீருடைக்கு இஸ்திரி போட்டிருந்தார். பேஸ்பால் சீருடைக்கு இஸ்திரி போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். அதைப் பற்றியும் ஒரு நகைச்சுவை சொன்னேன். இப்போது நினைவில்லை.

முதலில் கிளென்ஃபீல்ட் ஆடி, ஓட்டம் ஒன்றும் எடுக்காமல் முடித்தது. அடுத்து நாங்கள். சொன்னபடியே இடக்கைப் பையன்தான் வீசினான். எங்கள் முதல் நான்கு பேரில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓட்டத்தை முடிக்கக் காத்து பாதி வழியில் பேஸில் நின்றார்கள். ஐந்தாவதாக அண்ணை எழுந்தார். நாற்காலிகள் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. அவருடைய மனைவி கைபேசியை உயர்த்திப் படம் எடுக்கத் தொடங்கினார்.

அண்ணை மட்டையோடு பாதித் தூரம் போயிருந்தார். கிளென்ஃபீல்ட் தலைவர் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். இடக்கைப் பையனை வெளியே எடுத்துவிட்டு, நெட்டையாக ஒருவனை உள்ளே அனுப்பினார். அவன் இரண்டு பந்து வீசிப் பார்த்தான். வலக்கை.

எனக்கு மெய் சிலிர்த்தது. அந்த மனிதரும் என்னைப் போலவே போர்வைக்குள் உட்கார்ந்து இதே விளையாட்டை ஆடுபவராக இருக்க வேண்டும். இடக்கைக்காரனைக் காட்டி, நம் வலக்கை ஆட்களை இறக்க வைத்து, பிறகு மாற்றுவது. புத்தகத்தில் இருக்கிற பழைய பொறி. அதற்கு மேலாளர் என்ன பதில் செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இத்தனை நாள் வாழ்க்கையில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே கணம் அது. கைபேசியிலும் ஏற்றி வைத்திருந்த அதே விளையாட்டைத் திறந்து அண்ணையின் மதிப்பெண்ணைப் பார்த்தேன். வலக்கைப் பந்துக்கு எதிராக, அணியிலேயே கடைசி. போட்டது நான்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அச்சில் இருக்கிற மாதிரி இருந்தது.

நிமிர்ந்தபோது அண்ணை இடது பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். கிரிக்கெட்டில் செய்வது போல மட்டையின் நுனியால் மண்ணில் ஒரு கோடு கீறி, காலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுவரிடம் கையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.

"என்ன தம்பி?"

"பிட்சர் மாறிட்டான் அண்ணை. வலக்கை."

"ஓம், கண்டனான். அதுக்குத்தான் இந்தப் பக்கம் நிக்கிறன்."

"உங்களுக்கு இந்தப் பக்கம் நம்பரே இல்லையே."

"நம்பர் இல்லாட்டிப் பரவாயில்லை. கை இருக்கு." பிறகு குரலைத் தணித்தார். "அவையள் பாத்துக்கொண்டு இருக்கினம் தம்பி. ஒரு தரம்."

"ரெண்டு பேர் பேஸ்ல நிக்கிறாங்க அண்ணை. இந்த வாய்ப்பு திரும்ப வராது."

"எனக்கும்தான்" என்றார்.

நான் பெஞ்சைப் பார்த்துக் கோவைத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மெதுவாகத்தான் வந்தான். "அண்ணா, அவரே ஆடட்டுமே, லெஃப்ட்ல நல்லாத்தானே நிக்கிறாரு" என்று முணுமுணுத்தான். "உன்னைக் கேட்கலை" என்றேன். மேலாளர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அண்ணை மட்டையைத் திருப்பி, பிடி அவன் பக்கம் வரும்படி நீட்டினார். "மற்ற மட்டை பாரம் தம்பி. இதை எடும்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அவர் மனைவியின் கைபேசி இன்னும் உயர்ந்தே இருந்தது. அண்ணை நடந்து வந்து பெஞ்சில் உட்காரும்வரை அது படம் எடுத்தது.

தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பையன் அவுட்டாகி, நான் தலை குனிந்து, எல்லோரும் என்னைத் திட்டி, கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. கோவைத் தம்பி இரண்டாவது பந்தையே வேலி வரைக்கும் அடித்தான். இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். அந்த இரண்டு ஓட்டமே கடைசிவரை போதுமானதாக இருந்தது. அந்த சீசனில் நாங்கள் ஜெயித்த முதல் ஆட்டம் அது. என் தந்திரம் பலித்துவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அண்ணையும் எழுந்து நின்று கை தட்டினார்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சகலன் நாற்காலியை விட்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"எங்கட ஆள் இனி எப்ப இறங்குவார்?"

"இனி இல்லைங்க. பேஸ்பால்ல வெளிய எடுத்தா எடுத்ததுதான். திரும்ப வர முடியாது."

"ஏன் எடுத்தனீங்கள்? காயமோ?"

ஒரு சொல் போதும். ஆமா என்று சொல்லியிருக்கலாம். தோளில் பிடிப்பு, காலில் சுளுக்கு, எதையாவது சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்திருந்தார். தண்ணீர்ப் போத்தல்களோடு அண்ணை எனக்குப் பின்னால் நின்றார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் என்னிடம் பிளாட்டூனைப் பற்றித் தானாக வந்து கேட்டது அதுவே முதல் தடவை.

"காயமெல்லாம் இல்லைங்க" என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். வலக்கைப் பந்து எப்படி விலகும், ஏன் இரண்டு பேரை வைத்துக்கொள்கிறோம், ஏன் அண்ணை பெரும்பாலும் வெளியே இருக்கிறார் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று கைபேசியில் அண்ணையின் பக்கத்தைத் திறந்து கையிலேயே கொடுத்தேன்.

சகலன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். படித்துக்கொண்டே என் கைபேசியோடு நாற்காலிகளை நோக்கி நடந்தார்.

"இஞ்ச கேளுங்கோ. இவருக்கு மாக்ஸ் போட்டிருக்கினம். வேகம், இருபதுக்கு மூண்டு. பலம், நாலு. வலக்கைப் பந்து வந்தா, ஒண்டு." பிள்ளைகள் சிரித்தார்கள். "இந்த சீசன் முழுக்க ஒரு பந்தும் அடிக்கேல்லையாம். முதலில இறங்குறவர் எண்டு சொன்னியள், எதில இருந்து இறங்கினவர்? காரில இருந்தோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்கதோஷம். அதே மதிப்பெண்ணை வைத்து நான் குழுவில் சொன்ன நகைச்சுவைகளைவிட அது மோசமானது இல்லை. இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. அண்ணையின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. திறந்து வைத்திருந்த ரோல்ஸ் டப்பாவின் மூடியை எடுத்து, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்தி மூடினார்.

ஆட்டம் முடிந்ததும் பையன்கள் என்னைத் தூக்க முயன்றார்கள். எடை ஒத்துவராமல் இறக்கிவிட்டார்கள். அதற்குள் நாற்காலிகள் மடிக்கப்பட்டு, ஐஸ் பெட்டி காரில் ஏறியிருந்தது. ரோல்ஸ் வந்த மாதிரியே திரும்பிப் போயிற்று. நான் ஓடிப்போய் அண்ணையின் கார் ஜன்னலைப் பிடித்தேன்.

"அண்ணை, ஜெயிச்சுட்டோம்."

"ஓம் தம்பி. நல்லா விளையாடினவங்கள்." மடியிலிருந்து அணியின் கையுறையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது உங்கட சாமான்."

பின் இருக்கையிலிருந்து சகலன், "காரை ஓட்டவும் ஆள் மாத்துவினமோ?" என்றார். கார் கிளம்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு அண்ணை வரவில்லை. முதல் வாரம் வேலை என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் விருந்தாளிகள் என்று நினைத்தேன். விருந்தாளிகள் சிட்னிக்குத் திரும்பிய பிறகும் வரவில்லை. தண்ணீர்ப் போத்தல்கள் காலியாகவே கிடந்தன. மரத்துக்குப் பின்னால் போன பந்துகள் அங்கேயே இருந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை, சீசனின் பிற்பகுதியில் எதிரணிகளில் இரண்டு இடக்கைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். கோவைத் தம்பி அவர்களிடம் பந்தைத் தொடவே இல்லை. எல்லா ஆட்டமும் தோற்றோம்.

ஒரு மாலை, யாரும் கேட்காமலே, கணினியைத் திறந்து அண்ணையின் பக்கத்துக்குப் போனேன். கை என்ற இடத்தில் வலது என்பதை எடுத்துவிட்டு இரண்டும் என்று மாற்றினேன். ஒரு நொடி வேலை. கணக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை. சீசனை முதலிலிருந்து ஓட்டினேன். எல்லா ஆட்டத்திலும் அவரை இறக்கினேன். வலக்கை, இடக்கை, யார் வீசினாலும் அடித்தார். எங்கள் அணியிலேயே அதிகம் அடித்தவர் அவர்தான். இன்னொரு தடவை ஓட்டினேன். அப்போதும் அவர்தான்.

மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "யாரு, அந்த அண்ணையா?"

"ஆமா. பின்னி எடுக்கிறாரு பாரு."

"நல்லதாப் போச்சு. இங்க அவரு சீருடைக்கு இஸ்திரி போட வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வெற்றிக் கதையாகத்தான் சொல்லியிருந்தேன். அவள் எப்படிக் கேட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தத் திரையைப் படம் எடுத்தேன். மேலே அவர் பெயர், பக்கத்தில் அத்தனை அடிகள். அதை அண்ணைக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன்: "அண்ணை, உங்களை ரெண்டு கைக்காரரா மாத்திட்டேன். முழு சீசனும் நீங்கதான் டாப். வர்ற ஞாயிறு கடைசி மேட்ச். முதல் ஆளா இறங்கறீங்க, யார் வீசினாலும் எடுக்க மாட்டேன். சகலைக்கு வீடியோ எடுத்து நானே அனுப்பறேன்." கைகூப்பும் படம் ஒன்றையும் சேர்த்தேன். மன்னிப்புக்குப் பதிலாக அதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள்.

நீல நிறக் குறிகள் இரண்டும் உடனே வந்தன. பார்த்துவிட்டார். பஸ்ஸில் இருக்கிறாரோ, சிக்னலில் நிற்கிறாரோ என்று காத்திருந்தேன். தேநீர் ஆறியது. பிறகு பதில் வந்தது.

"அப்ப கம்ப்யூட்டரில இருக்கிறவரையே இறக்குங்கோ."